கறள் பிடித்த இரண்டு பேணிகள்

கோயில் மணி அடிக்கத் தொடங்குகிறது. வங்கி மனேஜரின் முகம் மாறுகிறது. மணி அடித்தால் ஜெர்மன்காரன் கரையிறங்கிவிட்டான் என்று அர்த்தம். அந்தக் கடலோரப் பட்டினத்துத் தொண்டர் படைக்கு அவர்தான் கப்டன். படையில் பெரும்பகுதி படம் பார்க்கப் போயிருக்கிறது. கைக்கு அகப்பட்ட கிழவர்களைக் கூட்டிக்கொண்டு, காட்ஃப்ரி என்ற இன்னொரு கிழவரின் வீட்டுக்குள் புகுந்து, ஜன்னலில் இயந்திரத் துப்பாக்கியைப் பூட்டுகிறார். காட்ஃப்ரியின் சகோதரிகளுக்குப் படையெடுப்பைவிட வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பதுதான் பெரிய விஷயம். இதற்குள் படம் பார்க்கப் போனவர்களும் ஓடிவந்து எதிர்ப்பக்கத்தில் நிலையெடுக்கிறார்கள். பயிற்சிக்காகக் கொண்டுவந்த ஜெர்மன் இரும்புத் தொப்பி ஒன்று காட்ஃப்ரி வீட்டு ஜன்னலில் தெரிகிறது. பிறகென்ன, ஒரே படை இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று சுடுகிறது. எதிரி வரவே இல்லை.

பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரில் 1969 மார்ச் 8ஆம் திகதி ஒளிபரப்பான அங்கம் இது. பெயர், ‘காட்ஃப்ரி வீட்டுச் சண்டை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னாரில், எங்கள் வீட்டு விறாந்தையில், கைபேசியின் உள்ளங்கையளவு திரையில்தான் நான் இதைப் பார்த்தேன். அந்த நேரம் ஆறு மணிக்குரிய திரிகால மணி எங்கள் கோயிலில் அடித்தது. கைபேசி மணியும் கோயில் மணியும் கலந்ததில் ஒரு கணம் எது எதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு நாய் இரண்டுக்கும் சேர்த்து ஊளையிட்டது.

கப்டனின் பெயரை ‘மெயின்வேரிங்’ என்று எழுதுவார்கள். ஆனால் வாயால் சொல்லும்போது ‘மானரிங்’. மன்னாரானின் காதுக்கு இது சும்மா போகாது. அதைவிடப் பெரிய பகிடி இன்னொன்று உண்டு. இந்தத் தொடரை எழுதிய ஜிம்மி பெரி முதலில் வைத்த பெயருக்குத் தமிழில் ‘போரிடும் புலிகள்’ என்று பொருள். பிபிசியின் நகைச்சுவைப் பிரிவுத் தலைவர் அது சரிவராது என்று மாற்றிவிட்டார். நல்ல வேளை. அந்தத் தலைப்போடு ஒரு வீடியோ கசெட் எண்பதுகளில் மன்னார்த் தீவின் ஏதாவது சோதனைச் சாவடியில் அகப்பட்டிருந்தால், அதற்குள் இருப்பது பகிடிதான் என்று விளங்கப்படுத்த எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்!

தலைப்பு மாறியும் எனக்கு ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. இந்தக் கிழவர்களின் படையைத் தமிழில் என்ன சொல்லி எழுதுவது? அகராதி ‘ஊர்காவல் படை’ என்கிறது. சொல் சரிதான். ஆனால் எண்பதுகளின் நடுவில் எல்லைக் கிராமங்களில் சாதாரண ஆட்களின் கையில் துவக்கைக் கொடுத்து அரசாங்கம் உருவாக்கிய படைக்கும் இங்கே அதே பெயர்தான். ‘ஊர்காவல் படை’ என்ற சொல்லைக் கேட்டு வடக்கில் ஒருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை. எல்லைக் கிராமத்துச் சிங்களச் சனங்களும் முஸ்லிம் சனங்களும்கூடச் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் வீடுகளிலும் இழவு விழுந்திருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் ‘தொண்டர் படை’ என்றே எழுதுகிறேன்.

அந்தத் தொண்டர் படை நிஜமாக இருந்தது. 1940 மே 14ஆம் திகதி இரவு அமைச்சர் அந்தனி ஈடன் வானொலியில் அழைப்பு விடுத்தார். ஒரு வாரத்துக்குள் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். யூலை முடிவதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. வயது போனவர்களும், மீசை முளைக்காத பொடியன்களும், இராணுவத்தில் சேர முடியாத தொழிலில் இருந்தவர்களுமாக ஒரு கூட்டம். ஆயுதம் இல்லை. வேட்டைத் துவக்கு, விளக்குமாற்றுத் தடி என்று தொடங்கினார்கள். பின்னர் அரசாங்கமே இரும்புக் குழாயின் நுனியில் பயனெற்றுக் கத்தியை ஒட்டவைத்து லட்சக்கணக்கில் ஈட்டி செய்து அனுப்பியது. இருபதாம் நூற்றாண்டில் ஈட்டி! இதற்குமேல் நகைச்சுவை எழுத்தாளன் கற்பனை செய்ய என்ன இருக்கிறது?

கோயில் மணியும் கற்பனை இல்லை. 1940 யூனில் இங்கிலாந்து முழுவதும் கோயில் மணிகளுக்குத் தடை போட்டார்கள். படையெடுப்பு நடந்தால் மட்டுமே அடிக்கலாம். அந்த வருடம் செப்டம்பர் 7ஆம் திகதி இரவு, ‘குரொம்வெல்’ என்ற எச்சரிக்கைச் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு சில ஊர்களில் மணி அடித்தேவிட்டார்கள். சனம் பதறியது. ஒருவரும் கரையிறங்கவில்லை. இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு காட்ஃப்ரி வீட்டில் நடந்ததும் அதுதான்.

இங்கேயும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்தவர் ஒலிவர் குணதிலக்க. கொழும்புச் சனம் கட்டின துணியோடு ஊர்களுக்கு ஓடியது. அக்கரையில் சென்னை நகரத்தையே காலி பண்ணச் சொன்னார்கள். குண்டு விழுந்து கூடு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். குண்டு என்னவோ அந்த மாதம் சென்னையில் விழவில்லை. வானொலி நாடகம் போட எவ்வளவு சரக்கு! நம்மவர் ஒருவரும் அதில் கைவைத்ததாக எனக்குத் தெரியாது.

பெரி கைவைத்ததற்குக் காரணம் அவரே அந்தப் படையில் இருந்ததுதான். பதினாறு, பதினேழு வயதில். தொடரில் தாய் கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றி அனுப்பும் பொடியன் பைக், பெரியின் சாயல். டேவிட் குரொஃப்டோடு சேர்ந்து அவர் எழுதிய தொடர் 1968 யூலை 31ஆம் திகதி தொடங்கி 1977 நவம்பர் வரை 80 அங்கங்கள் ஓடியது. நடித்தவர்களைப் பாருங்கள். அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும் என்று கெஞ்சும் காட்ஃப்ரியாக நடித்த ஆர்னல்ட் ரிட்லி, முதலாம் உலகப் போரில் சொம் சமரில் படுகாயப்பட்டவர். கத்தியை உருவிக்கொண்டு முன்னே பாயும் கிழட்டு ஜோன்ஸாக வந்த கிளைவ் டன், ஜெர்மன்காரரிடம் அகப்பட்டு நான்கு வருடம் சிறையிருந்தவர். நடிக்கத் தொடங்கும்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. போரைப் பார்த்தவர்கள் போரைப் பகிடியாக நடித்தார்கள். அவர்கள் ஊரில் எதிரி கரையிறங்கவில்லை. அந்த ஒரு வசதி இல்லாவிட்டால் இந்தத் தொடர் இல்லை.

சரி, அந்த அங்கத்தின் சுருளுக்கு வருவோம்.

காட்ஃப்ரி வீட்டுச் சண்டை முதலில் பதிவானது பிலிமில் அல்ல, இரண்டு அங்குல அகலமான வீடியோ நாடாவில். 1956இல் அம்பெக்ஸ் கொம்பனி கொண்டுவந்த முறை அது. ஒரு கையால் தூக்க முடியாத சுருள். விலையோ நெருப்பு. ஆனால் ஒரு நல்ல குணம்: காந்தத்தைக் காட்டி அழித்துவிட்டு மறுபடி பாவிக்கலாம். பிபிசி அதைத்தான் செய்தது. ஒளிபரப்பி முடிந்த நாடாவைத் திரும்ப எடுத்து, துடைத்து, அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தது. நடிகர் சங்கத்தோடு இருந்த உடன்பாட்டின்படி ஒரு நிகழ்ச்சியைக் கண்டபடி மறு ஒளிபரப்புச் செய்யவும் முடியாது. போதாததற்கு 1969 செப்டம்பரில் மூன்றாவது தொடர் வண்ணத்தில் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளைச் சரக்கை இனி யார் பார்க்கப் போகிறார்கள்? வீட்டில் பார்க்கும் வீடியோவோ டிவிடியோ அப்போது கனவிலும் இல்லை. 1969 மார்ச்சிலும் ஏப்ரலிலும் வந்த இரண்டாம் தொடரின் ஆறு அங்கங்களும் நாடாவிலிருந்து போயின. அதில் ஒன்று மட்டும் பிலிம் பிரதியாகக் களஞ்சியத்தில் மிஞ்சியது.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் கோபம் வரும். எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் நாங்களும் இதையேதான் செய்தோம்.

அப்பாவிடம் ஒரு கசெட் இருந்தது. இலங்கை வானொலியின் பகிடி நாடகங்களை அதில் பதிந்து வைத்திருந்தார். ‘கோமாளிகளின் கும்மாளம்’ ஊரையே கட்டிப்போட்ட காலம் அது. மரைக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயரே நடிகருக்கு முற்பெயராக ஒட்டிக்கொண்டது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. அப்பாவின் கசெட்டில் எந்த நாடகத்தின் எந்தப் பகுதி இருந்தது என்று இப்போது சொல்ல ஆளில்லை. ஏனென்றால் சித்தப்பா சவூதிக்குப் போனார். கடிதம் எழுதினால் அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே குரலைப் பதிந்து அனுப்புவார். நாங்கள் பதில் பதிந்து அனுப்புவோம். புதுக் கசெட்டுக்குக் காசு? இருக்கிற கசெட்டில் நாடகத்துக்கு மேலேயே பதிந்தோம். அழிக்கிறோம் என்ற எண்ணமே இல்லை. சித்தப்பாவின் குரலுக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிபிசியின் நாடா அழிப்பாளரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அடுத்த கிழமை நிகழ்ச்சிக்கு இடம் வேண்டும். 1978 அளவில்தான் அந்தப் பழக்கத்துக்கு ஒழுங்காக முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

சிக்கனத்தால் அழிவது ஒருவகை. நெருப்பால் அழிவது வேறு. 1983 யூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த படச்சுருள்களும் போயின. அதில் சிங்களப் படங்களே ஏராளம். அதைச் செய்தவனுக்கு இடம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒரே தராசில் போட நான் ஆயத்தமில்லை.

காட்ஃப்ரி வீட்டுக் கதைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நாடாவை அழிக்க முன்னர் சில நிகழ்ச்சிகளை, திரையில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் கமெராவை வைத்துப் பிலிமில் பிடித்து வைப்பார்கள். வெளிநாட்டுக்கு விற்பதற்கு அதுதான் வழி. அந்தப் பிலிம்கள் ஒரு நாட்டில் ஓடி, அடுத்த நாட்டுக்குக் கைமாறி, கடைசியில் எங்கேயாவது ஒரு அலுமாரியில் தூங்கும். பிபிசியே தொலைத்த ‘டொக்டர் ஹூ’ அங்கங்கள் ஒன்பது நைஜீரியாவின் ஜொஸ் நகரத்தில் கிடைத்ததாக 2013இல் செய்தி வந்தது அப்படித்தான். எங்கள் தீவைக் கிண்டிப் பிரயோசனமில்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்.

காட்ஃப்ரி வீட்டுச் சண்டைக்கும், அதற்கு முதல் கிழமை வந்த ‘ஒப்பரேஷன் கில்ட்’ அங்கத்துக்கும் பிலிம் பிரதி இருந்தது. அந்தப் பிரதிகள் எப்படியோ லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்றி ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எழுபதுகளில் அங்கே பழைய சாமான்களைத் துப்புரவாக்கினார்கள். வாசலில் கழிவு அள்ளும் பெரிய இரும்புத் தொட்டி. அதற்குள் உடைந்த பலகை, கிழிந்த திரை, அவற்றோடு பிலிம் பேணிகள்.

அங்கே ஒரு மனிதர் வருகிறார். பிலிம் சேர்க்கிற பைத்தியம் உள்ளவர். தொட்டிக்குள் கையை விட்டு இரண்டு பேணிகளை எடுக்கிறார். கொண்டுபோய் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் வைக்கிறார். அவ்வளவுதான். பிபிசிக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. இது உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிரதி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கொட்டில் என்றால் என்ன என்று கடலோரத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் வாடிகளில் ஒரு இரும்பு ஆணி இரண்டு மழைக்குத் தாங்காது. உப்புக்காற்று முதலில் மூடியின் விளிம்பைத் தின்னும். பிறகு மூடியும் பேணியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். தட்டினால் சிவப்புத் தூள் கொட்டும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழலும். எல்ஸ்ட்றிப் பக்கம் கடல் இல்லைதான். ஆனாலும் இங்கிலாந்தின் ஈரம் லேசுப்பட்டதில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட அந்தப் பேணிகள் கறள் ஏறிக் கிடந்தன. பிலிம் ஈரத்தில் கிடந்தால் சுருங்கும், ஒட்டும், புளித்த வினாகிரி மணம் வீசத் தொடங்கும். அந்த மணம் வந்தால் பிலிம் சாகத் தொடங்கிவிட்டது என்று அந்தத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

அந்த வருடங்களில் கொட்டிலுக்கு வெளியே என்னென்ன நடந்தது! தொடர் முடிந்தது. மானரிங்காக நடித்த ஆதர் லோ 1982இலும், அவருக்கு அடுத்த நிலையில் சார்ஜன்ட் வில்சனாக வந்த ஜோன் லெ மெசூரியர் 1983இலும் செத்துப்போனார்கள். காட்ஃப்ரி ரிட்லி 1984இல். அவர்கள் மூவருமே அந்த அங்கம் அழிந்துபோனது என்ற கணக்கோடுதான் போயிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் தலைமன்னார் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் படகேறி அக்கரைக்குப் போய் மண்டபம் முகாமில் வரிசையில் நின்றோம். கசெட் அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள், சீலைகளுக்கு அடியில், வீட்டிலேயே கிடந்தது.

2001இல் பிபிசி, தொலைந்த நிகழ்ச்சிகளை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தாருங்கள் என்று மக்களிடம் கேட்டது. கொட்டில் திறந்தது. இரண்டு பேணிகளும் வெளியே வந்தன. திறக்க லேசில் முடியவில்லை. உள்ளே இருந்த சுருளைக் கழுவி, கீறல்களைச் சரிபண்ணி, ஒட்டியதைப் பிரித்து எடுத்தார்கள். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு கோயில் மணி மறுபடி அடித்தது.

எடுத்தவரைப் பற்றி யோசிக்கிறேன். அவர் எதையும் காப்பாற்றப் புறப்படவில்லை. குப்பையில் கிடந்த நல்ல பேணியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எங்கள் ஊரில் கரையொதுங்கிய மிதவையையும் நைலோன் கயிற்றுத் துண்டையும் பொறுக்கிக் கொண்டுவந்து கோடிக்குள் போட்டு வைக்கிற கிழவர்கள் உண்டு. எதற்கு என்று கேட்டால் ‘கிடக்கட்டும்’ என்பார்கள். அந்த ஆள் அந்தச் சாதி.

தெரிந்தே தூக்கிக்கொண்டு போன கதையும் எங்களிடம் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தைச் சனம் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது. அந்த இடம்தான் மடு. 2008 ஏப்ரலில் மடுவைச் சுற்றி ஷெல் விழுந்தபோது குருமார் அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்டில் திரும்ப வந்தது. மாதாவையும் மாட்டு வேஷம் போட்டு உளவு பார்க்கப் போகிற சிப்பாய்களின் படத்தையும் ஒப்பிடுகிறேன் என்று எங்கள் கோயில் சுவாமி குறை நினைக்கக் கூடாது. (அந்த மாட்டு வேஷம் ‘ஒப்பரேஷன் கில்ட்’டில் வருகிறது. பார்த்துவிட்டு நானே சிரித்தேன்.) சுரூபம் போனால் தேட ஆயிரம் பேர் இருந்தார்கள். பேணியைத் தேட ஒருவரும் இல்லை. இரண்டும் தப்பின.

மிச்சம் மூன்று அங்கங்கள் இன்றுவரை நாடாவாகவோ பிலிமாகவோ கிடைக்கவில்லை. ‘நெடுந்தூர வாக்கரின் தனிமை’, ‘ஃபிரேசருக்கு ஒரு பட்டி’, ‘சூட்டுக்குள்ளே’ என்று பெயர்களைத் தமிழாக்கலாம். ஃபிரேசரின் அங்கத்துக்கு ஒலி மட்டும் 2008இல் கிடைத்தது. 2016இல் அதற்குக் கார்ட்டூன் படம் வரைந்து ஓடவிட்டார்கள். 2019இல் வேறு நடிகர்களை வைத்து மூன்றையும் மறுபடி எடுத்தார்கள். நல்ல நடிகர்கள்தான். ஆனால் மற்றவன் சட்டையைப் போட்ட மாதிரித்தான் எனக்குப் பட்டது. அதைவிட, எழுபதுகளில் அதே பழைய நடிகர்கள் நடித்த வானொலி வடிவம் எனக்குப் போதும். மூன்று கதைகளும் அதில் உண்டு. வானொலியில் நாடகம் கேட்டு வளர்ந்த காது இது. முகம் தெரியாததைக் குறையாக எடுக்காது.

நாங்கள் அக்கரையிலிருந்து திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை. றங்குப்பெட்டி இருந்தது. மூடி கறள் பிடித்து இறுகியிருந்தது. மச்சான் கோடரிப் பிடங்கால் தட்டித் திறந்தார். சீலைகளைக் கறையான் தின்றிருந்தது. கசெட்டின் பிளாஸ்டிக் மட்டும் மண்ணுக்குள் அப்படியே. நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, இரவல் றேடியோவில் போட்டோம். சித்தப்பாவின் குரல், எழும்பியும் அமிழ்ந்தும். வெயில் பற்றி, முதலாளி பற்றி, அனுப்பிய காசு பற்றி, அம்மம்மாவின் முழங்கால் பற்றி. ‘வேற என்ன, வைக்கிறன்’ என்றார். டக் என்று ஒரு சத்தம்.

நிற்பாட்டப் போன கையை அப்பா பிடித்தார். சித்தப்பா பதிந்து முடித்த இடத்துக்குப் பிறகு பழைய நாடகத்தின் வால் மிஞ்சியிருந்தது. வசனம் ஒன்றும் இல்லை. மண்டபம் நிறைந்த சனத்தின் சிரிப்பு மட்டும். ஒருவர் மூச்சுவாங்கி இருமுகிறார், இன்னொருவர் கை தட்டத் தொடங்குகிறார், நாடா முடிந்துவிடுகிறது. மறுபடி பின்னுக்குச் சுற்றி மூன்று தரம் போட்டோம். அது என்ன பகிடி என்று அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை.